பேராசிரியர் கல்கி: பிறப்பறியாப் பிள்ளைக்கு வரலாறு தந்தவர்

தன் தாய் யார், தந்தை யார், தான் எந்த மண்ணுக்கு உரியவன் என்று அறியாத ஒரு பிள்ளை, பல இடர்களைக் கடந்து அவ்வுண்மையைக் கண்டடையும் கதை உலகில் மிகப் பழையதொன்றாகும். ஆற்றில் விடப்பட்ட கர்ணனின் கதையை எமது பாட்டிமார் சொல்லக் கேட்டு நாம் வளர்ந்தோம். இந்நாட்டுப் பாடசாலைகளில் பயிலும் எமது பிள்ளைகளோ சார்ள்ஸ் டிக்கன்ஸ் படைத்த ஒலிவர் ருவிஸ்ற் என்னும் அநாதைச் சிறுவனை அறிவார்கள். கனடிய எழுத்தாளர் மொன்ற்கொமெரி அம்மையார் 1908 ஆம் ஆண்டு படைத்த ஆன் என்னும் செந்தலைச் சிறுமியையும் அறிவார்கள். தமிழிலும் அத்தகைய பிள்ளை ஒருவன் உண்டு. அவன் பெயர் சேந்தன் அமுதன். பொன்னியின் செல்வன் என்னும் வரலாற்று நாவலில், தஞ்சை நகரின் புறத்தே ஒரு நந்தவனத்தில், பூத்தொடுத்துக் கோயிலுக்குக் கொடுத்து வாழும் ஏழைப் பிள்ளை அவன்.

அவனைப் படைத்தவர் கல்கி என்னும் புனைபெயர் கொண்ட இரா. கிருஷ்ணமூர்த்தி அவர்கள். எந்தப் பல்கலைக்கழகத்திலும் பதவி வகிக்காத அவரைத் தமிழ் வாசகர்கள் பேராசிரியர் கல்கி என்றே அன்போடு அழைத்தனர். அன்னாரின் வாழ்க்கையைச் சுருக்கமாக எமது மாணவச் செல்வங்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். பெற்றோரும் உடனிருந்து வாசித்தல் நன்று. அவர்களுக்கும் இதிலே சொல்லவேண்டிய செய்தி ஒன்று உளது.

புத்தமங்கலத்துச் சிறுவன்

கிருஷ்ணமூர்த்தி 1899 ஆம் ஆண்டு செப்தெம்பர் 9 ஆம் நாள், அந்நாளைய தஞ்சாவூர் மாவட்டத்தில் மணல்மேட்டுக்கு அண்மையிலுள்ள புத்தமங்கலம் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் இராமசாமி ஐயர். தாயார் தையல்நாயகி அம்மையார். அவ்வூர் இன்று மயிலாடுதுறை மாவட்டத்தைச் சேர்ந்தது. காவிரியும் அதன் கிளையாறுகளும் பாய்ந்து வளம் செய்யும் நெல் வயல்களும், ஊருக்கு ஊர் எழுந்து நிற்கும் கோபுரங்களும் நிறைந்த நாடு அது. காவிரிக்குப் பொன்னி என்றும் ஒரு பெயர் உண்டு என்பதை மாணவர்கள் நினைவில் வைத்தல் வேண்டும். பிற்காலத்தில் அவர் எழுதிய பெருங்கதையின் பெயரிலேயே அந்த ஆறு ஓடுகின்றது.

அந்நாட்டுக் கோயில்கள் பலவற்றின் கற்சுவர்களில் சோழர் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. தலைமுறை தலைமுறையாக மக்கள் அச்சுவர்களைச் சுற்றி வலம் வந்தனர். ஆயினும் அவற்றிலே பொறிக்கப்பட்டிருந்த எழுத்துகள் பெரும்பாலானோருக்கு விளங்கவில்லை. கோயிலைக் கட்டுவித்த அரசன் யார், நிலம் கொடுத்த அரசி யார் என்பதை அவர்கள் அறிந்திலர். தம் வீட்டுச் சுவரிலேயே தம் பாட்டன் எழுதி வைத்த மடலை வாசிக்க இயலாத பேரப்பிள்ளைகளைப் போன்றதொரு நிலை அது. இந்நிலையை மாற்றுவதற்குப் பிற்காலத்தில் பெருந்தொண்டு செய்யவிருந்த சிறுவன் அந்தக் காவிரி நாட்டிலேதான் ஓடி விளையாடினான்.

பாடசாலையை விட்ட மாணவர்

ஊர்ப் பள்ளியிலும் பின்னர் மாயவரத்திலும் கற்ற கிருஷ்ணமூர்த்தி, திருச்சிராப்பள்ளித் தேசிய உயர்தரப் பாடசாலையில் தம் படிப்பைத் தொடர்ந்தார். 1921 ஆம் ஆண்டு, பள்ளி இறுதித் தேர்வு நெருங்கிய வேளையில், காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்கத்தின் அழைப்பை ஏற்றுப் பாடசாலையை விட்டு வெளியேறினார். அடுத்த ஆண்டு, ஆங்கில ஆட்சியை எதிர்த்துப் பேசியமைக்காக ஓராண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். அப்போது அவர் இருபதுகளின் தொடக்கத்திலேயே இருந்தார்.

இதனை வாசிக்கும் மாணவர்கள் பாடசாலையை விடுவது பெருமைக்குரியது என்று எண்ணிவிடலாகாது. பாடசாலை ஆசிரியராகப் பல ஆண்டுகள் பணியாற்றிய நாம் அவ்வாறு எண்ண இடங்கொடோம். கிருஷ்ணமூர்த்தி பாடசாலையைத்தான் விட்டார். கற்பதை ஒரு நாளும் விடவில்லை. தம் ஐம்பதாவது வயதிலும் கல்வெட்டறிஞர்களின் நூல்களைப் புதிய மாணவனைப் போல அவர் கற்றுக்கொண்டிருந்தார் என்பதைப் பின்னே காண்போம்.

1923 இல் திரு. வி. க. என்று போற்றப்படும் திரு. வி. கலியாணசுந்தரனாரை ஆசிரியராகக் கொண்ட நவசக்தி இதழில் உதவி ஆசிரியராகச் சேர்ந்தார். தூய தமிழும் தெளிந்த நடையும் கொண்ட அப்பெரியாரிடம் பெற்ற பயிற்சி அவருடைய எழுத்துக்கு அடித்தளமாயிற்று. அதன்பின் திருச்செங்கோட்டில் இராஜாஜி நடத்திய காந்தி ஆசிரமத்தில் தங்கி, மதுவிலக்கைப் பரப்புவதற்கென்று வெளிவந்த விமோசனம் என்னும் இதழிற் பணியாற்றினார். இதற்கிடையே மீண்டும் ஒரு முறை சிறை சென்றார்.

பின்னர் எஸ். எஸ். வாசன் நடத்திய ஆனந்த விகடன் இதழில் அமர்ந்து, நகைச்சுவை, இசை விமரிசனம், சிறுகதை, தொடர்கதை எனப் பல துறைகளிலும் எழுதினார். கள்வனின் காதலி 1937 இல் வெளிவந்தது. அதனைத் தொடர்ந்து வந்த தியாகபூமி திரைப்படமாகவும் எடுக்கப்பட்டது. 1939 இல் வெளியான அப்படத்தை ஆங்கில அரசாங்கம் தடைசெய்தது. திருமாலின் பத்தாவது அவதாரத்தின் பெயரையே அவர் தம் புனைபெயராகக் கொண்டிருந்தார். அப்பெயர் விரைவிலே அவருடைய இயற்பெயரை மறைத்துவிட்டது.

ஒரு சஞ்சிகையின் பிறப்பு

விகடனை விட்டு விலகி, விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டு, மூன்றாவது முறையாகவும் சிறை சென்று மீண்ட அவர், 1941 ஆம் ஆண்டு தம் நண்பர் சதாசிவம் அவர்களுடன் சேர்ந்து கல்கி என்னும் பெயரிலேயே ஒரு சஞ்சிகையைத் தொடங்கினார். அதற்கு வேண்டிய பொருளைத் திரட்டுவதற்காகச் சதாசிவத்தின் துணைவியாரான இசையரசி எம். எஸ். சுப்புலட்சுமி அவர்கள், சாவித்திரி என்னும் திரைப்படத்தில் நாரதர் வேடம் தாங்கி நடித்தார். ஒரு பெண்மணி ஆண் வேடமிட்டு ஈட்டிய பொருளிலே ஒரு தமிழ்ச் சஞ்சிகை பிறந்தது என்பது எம் பிள்ளைகள் அறிந்து மகிழத்தக்க செய்தியாகும்.

அச்சஞ்சிகையின் வாயிலாகக் கல்கி அவர்கள் கதைகள் மட்டும் எழுதவில்லை. கருநாடக இசை மேடைகளில் தமிழ்ப் பாடல்களுக்கு உரிய இடம் வேண்டுமென்று தமிழிசை இயக்கத்துக்காக வாதாடினார். மகாகவி பாரதியாருக்கு அவர் பிறந்த எட்டயபுரத்தில் ஒரு மணிமண்டபம் எழுப்ப மக்களிடம் நிதி திரட்டினார். அம்மண்டபம் 1947 இல் திறந்துவைக்கப்பட்டது. தமக்கு முன் சென்றோரை மறவாதிருக்கச் செய்வது அவர் மேற்கொண்ட பணிகள் பலவற்றினூடும் ஓடிய நூலாகும்.

கல்லும் செப்பேடும் சொன்னவை

1941 முதல் 1943 வரை பார்த்திபன் கனவு என்னும் வரலாற்றுத் தொடர்கதையைக் கல்கி எழுதினார். போர்க்களத்தில் தந்தையை இழந்த சோழ இளவரசன் ஒருவன், தந்தை கண்ட கனவை நிறைவேற்ற முயல்வது அதன் பொருள். அடுத்து, 1944 முதல் 1946 வரை, பல்லவர் காலத்தைக் களமாகக் கொண்ட சிவகாமியின் சபதம் வந்தது. 1950 ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் பொன்னியின் செல்வன் தொடங்கியது. ஐந்து பாகங்கள் கொண்ட அப்பெருங்கதை 1954 வரை வாரந்தோறும் வெளிவந்தது. ஓவியர் மணியம் தீட்டிய படங்கள் அதற்கு உயிரூட்டின.

இக்கதைகள் எழுந்த காலத்தின் நிலையை மாணவர்கள் சற்று உணர்தல் வேண்டும். தஞ்சைப் பெரிய கோயில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் எழுந்தது. எனினும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அதன் கல்வெட்டுகள் படிக்கப்படும்வரை, அதனைக் கட்டுவித்தவர் யார் என்பதில் மக்களிடையே வெவ்வேறு கதைகளே வழங்கின. இராஜராஜ சோழனே அதனை எடுப்பித்தான் என்பதைக் கல்லெழுத்துகளே ஐயமின்றி உறுதிசெய்தன. அத்துணைப் பெரிய கோயிலும் தன்னைப் பெற்றவனின் பெயரை ஊரார் மறந்துவிட, அநாதையாய் நின்றது எனலாம்.

பின்னர் அறிஞர்கள் ஒவ்வொருவராக உழைத்தனர். நீலகண்ட சாஸ்திரியார் சோழர் வரலாற்றை 1930 களில் ஆங்கிலத்தில் எழுதினார். சதாசிவ பண்டாரத்தார் பிற்காலச் சோழர் வரலாற்றைத் தமிழில் எழுதினார். ஆயினும் அந்நூல்கள் அறிஞர்களின் மேசைகளிலேயே பெரிதும் தங்கின. அவற்றிலிருந்த செய்திகளை எடுத்து, வீட்டுத் திண்ணையில் இருந்த பாட்டியும், அடுக்களையில் நின்ற தாயும், புத்தகப் பையோடு வந்த பிள்ளையும் விரும்பி வாசிக்கும் கதையாக்கியவர் கல்கி. அன்பில் செப்பேடு, திருவாலங்காட்டுச் செப்பேடு, உடையார்குடிக் கல்வெட்டு என்னும் பெயர்களை எளிய வாசகர்களும் உச்சரிக்கும்படி செய்தார். கதை நிகழும் இடங்களை நேரிற் காண்பதற்கு ஓவியர் மணியத்தோடு பயணம் செய்தார். இலங்கைக்கும் வந்து சென்றார்.

மலர்த்தொண்டு செய்த பிள்ளை

இனிச் சேந்தன் அமுதனிடம் வருவோம். அவனை வளர்த்த தாய் பேச்சும் செவிப்புலனும் அற்றவள். தஞ்சைத் தளிக்குளத்தார் ஆலயத்துக்கு நாள்தோறும் மாலை தொடுத்துக் கொடுப்பது அவர்களின் தொழில். சேந்தன் அமுதன் தேவாரப் பதிகங்களை இனிய குரலிற் பாடுவான், வாளெடுத்துப் பழகாதவன், கோடிக்கரையில் படகோட்டும் மாமன் மகள் பூங்குழலியிடம் அன்பு கொண்டவன். தஞ்சைக்கு வரும் வந்தியத்தேவன் என்னும் வீரனுக்கு அவன் தன் குடிசையில் இடமளிக்கிறான். அதனால் தானும் துன்பத்துக்கு உள்ளாகிறான்.

இவனே கண்டராதித்த சோழருக்கும் செம்பியன் மாதேவியாருக்கும் பிறந்த அரசகுமாரன் என்பது கதையின் இறுதியில் வெளிப்படுகின்றது. பிறந்தவுடன் உயிரற்றதெனக் கருதப்பட்ட குழந்தையைப் புதைத்து வருமாறு ஒரு பேசாப் பெண்ணிடம் கொடுக்கின்றனர். வழியிலே குழந்தைக்கு உயிரிருப்பதை அவள் காண்கிறாள். எடுத்துச் சென்று தன் பிள்ளையாகவே வளர்க்கிறாள். அரண்மனையிலோ அவளுடைய தமக்கை பெற்ற குழந்தை ஒன்று இளவரசனாக வளர்கிறது. அவனுக்கு மதுராந்தகன் என்று பெயர். அரியணை தனக்கே வேண்டுமென்று சிற்றரசர்களோடு கூடிச் சூழ்ச்சி செய்யும் அவன் அரச குலத்துப் பிள்ளை அல்லன். அரியணைக்கு உரியவனோ நந்தவனத்தில் பூப்பறித்துக்கொண்டிருக்கிறான்.

தன் பிறப்பை அறிந்தபின் சேந்தன் அமுதன் என்ன செய்தான் என்பதே எம் பிள்ளைகள் ஊன்றிக் கவனிக்கவேண்டிய இடம். அவன் துள்ளிக் குதிக்கவில்லை. இத்தனை காலம் தன்னை ஏழ்மையில் விட்டனரே என்று எவரையும் பழிக்கவுமில்லை. தன்னை வளர்த்த பேசாத் தாயை மறக்கவில்லை. முன்போலவே மலர்த்தொண்டு செய்து வாழ்வதையே விரும்பினான். அருள்மொழிவர்மரோ மக்கள் எல்லாரும் தம்மையே அரசராக வேண்டிநின்றும், தமக்கென அமைந்த முடிசூட்டு விழாவில் அந்த மணிமகுடத்தை எடுத்துச் சேந்தன் அமுதனின் தலையிற் சூட்டினார். நாவலின் ஐந்தாம் பாகத்துக்குத் தியாகச் சிகரம் என்று பெயரிட்டமைக்குக் காரணம் இதுவே. டிக்கன்சின் ஒலிவருக்குப் பிறப்பின் இரகசியம் வெளிப்பட்டபோது தந்தையின் சொத்தில் ஒரு பங்கு கிடைத்தது. எமது சேந்தன் அமுதனுக்கோ ஓர் இராச்சியமே கிடைத்தது. ஆயினும் அவன் தேடியது அதுவன்று.

அண்மையில், 2022 ஆம், 2023 ஆம் ஆண்டுகளில், இந்நாவல் இரு பாகங்கள் கொண்ட திரைப்படமாக வந்ததை எம் பிள்ளைகள் பலரும் பார்த்திருப்பர். படத்தில் இந்தப் பிள்ளையின் கதை நாவலில் உள்ளவாறு சொல்லப்படவில்லை. எனவே படம் பார்த்தோரும் நூலை வாசித்தல் வேண்டும்.

ஒருவனை இருவராக்கிய கற்பனை

இங்கே ஆசிரியர் என்ற முறையில் ஓர் உண்மையை எடுத்துரைக்கக் கடமைப்பட்டுள்ளோம். குழந்தை மாறிய இக்கதைக்கு எந்தக் கல்வெட்டிலும் சான்று இல்லை. வரலாற்றில் மதுராந்தகன் என்பவனும் உத்தம சோழன் என்பவனும் ஒருவனே. கண்டராதித்தருக்கும் செம்பியன் மாதேவியாருக்கும் மகனாகப் பிறந்த அவன், ஏறத்தாழ 970 முதல் 985 வரை சோழ நாட்டை ஆண்டான். அவனுக்குப் பின்னரே அருள்மொழிவர்மர் இராஜராஜன் என்னும் பெயரோடு அரியணை ஏறினார்.

அவ்வாறாயின் கல்கி ஏன் ஒருவனை இருவராக்கினார்? வரலாற்றிலே ஒரு முடிச்சு இருந்தது. சுந்தர சோழரின் மூத்த மகனான ஆதித்த கரிகாலன் கொல்லப்பட்டான். உடையார்குடிக் கோயிற் கல்வெட்டொன்று, அக்கொலையில் தொடர்புடைய துரோகிகளின் நிலங்களைப் பறிமுதல் செய்தமை பற்றிக் கூறுகிறது. கொலையின் பின் அரசனானவன் உத்தம சோழன். எனவே அவனுக்கும் அக்கொலைக்கும் தொடர்பு இருந்திருக்குமோ என்று நீலகண்ட சாஸ்திரியார் போன்றோர் ஐயுற்றனர். மறுபுறத்தில், உத்தம சோழனின் தந்தை தில்லைக் கூத்தன்மீது திருவிசைப்பாப் பாடிய சிவபக்தர். தாயாரோ செங்கற் கோயில்கள் பலவற்றைக் கருங்கற் கோயில்களாக எடுப்பித்த உத்தமி. திருவாலங்காட்டுச் செப்பேடோ, சிற்றப்பன் அரசை விரும்பியமையால் அருள்மொழி அதனை விட்டுக்கொடுத்தார் என்னும் பொருள்படப் பேசுகின்றது.

இந்த மூன்று செய்திகளையும் ஒரே மனிதனிடம் பொருத்துவது கடினம். ஆதலால் கல்கி அரசாசையை ஒருவனுக்கும் பக்தியை மற்றவனுக்கும் பகிர்ந்து கொடுத்தார். இது நாவலாசிரியரின் உரிமை. ஆனால் கதையை வாசிக்கும் நாம், கல் சொன்னது எது, கல்கி சொன்னது எது என்று பிரித்தறியக் கற்றல் வேண்டும். முன்னோரைப் போற்றுவதற்கு இல்லாத பெருமைகளை ஏற்றிச் சொல்லவேண்டியதில்லை. இன்றும் நின்று பேசும் கல்வெட்டுகளே போதிய பெருமை தரும்.

கோடிக்கரைக்கு இப்பால்

பொன்னியின் செல்வன் ஈழத்துத் தமிழர்களாகிய எமக்கு மற்றொரு வகையிலும் நெருக்கமானது. கோடிக்கரையிலிருந்து பூங்குழலி செலுத்தும் படகு எமது கரையை நோக்கியே வருகின்றது. அனுராதபுரமும் தம்புள்ளையும் தொண்டைமானாறும் கதையில் இடம்பெறுகின்றன. அந்நாளில் யாழ்ப்பாணத்து வீடுகளிலும், சஞ்சிகையில் வந்த அத்தியாயங்களைக் கத்தரித்துச் சேர்த்துக் கட்டி, பெட்டகத்தில் வைத்துப் பாதுகாத்தோர் உண்டு. ஒருவர் உரத்து வாசிக்க ஏனையோர் விளக்கைச் சுற்றியிருந்து கேட்ட காலமது. அக்கட்டுகளுட் பல இடப்பெயர்வுகளில் அழிந்தன. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது அழிந்த ஏறத்தாழ 97,000 நூல்களோடு ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. தன் வரலாற்றை வாசிக்கத் தொடங்கிய ஒரு சமூகம், வாசிப்பதற்கான ஏட்டை இழந்த நிகழ்ச்சி அது.

எனினும், போரைக் கண்டு வந்த நாம் இந்நாவலிலுள்ள போர்களையும் நிதானத்தோடு வாசிக்கக் கடமைப்பட்டவர்கள். கல்கியின் அருள்மொழிவர்மர் ஈழத்தில் படை நடத்தும்போது, அந்நாட்டு மக்களிடமிருந்து உணவைப் பறித்தலாகாது என்கிறார். போரிற் சிதைந்த பௌத்த விகாரங்களைச் செப்பனிடச் செய்கிறார். இது கல்கி விரும்பிய வீரனின் இலக்கணம். ஆனால் வரலாற்றிலே இராஜராஜனின் படையெடுப்பால் அனுராதபுரம் பேரழிவுக்குள்ளாயிற்று. வென்றவன் எழுதிய மெய்க்கீர்த்தியில் தோற்றவனின் கண்ணீருக்கு இடமிராது. இதனை எம்மைக் காட்டிலும் நன்கு உணரக்கூடியவர் யார்?

முடியாத கதையும் மகளின் கையும்

1954 ஆம் ஆண்டு மே மாதத்தில் பொன்னியின் செல்வன் நிறைவெய்தியது. அதே ஆண்டு டிசெம்பர் 5 ஆம் நாள் கல்கி அவர்கள் தம் ஐம்பத்தைந்தாவது வயதில் காலமானார். அலை ஓசை என்னும் அவரது நாவலுக்கு 1956 இல் சாகித்திய அக்காதெமி விருது வழங்கப்பட்டது. அவரது நூற்றாண்டையொட்டித் தமிழ்நாட்டு அரசு அவருடைய நூல்களை நாட்டுடைமையாக்கியது. இதனாலேயே இன்று பல பதிப்பகங்கள் பொன்னியின் செல்வனை அச்சிடுகின்றன. குறைந்த விலையிலும் கிடைக்கின்றது.

அவர் மறைந்தபோது அமரதாரா என்னும் தொடர்கதை முற்றுப்பெறாமல் நின்றது. தந்தையார் விட்டுச் சென்ற குறிப்புகளைக் கொண்டு அவருடைய மகள் ஆனந்தி அதனை எழுதி முடித்தார். கல்கியின் வாழ்க்கையில் எம் பிள்ளைகள் மறவாது கொள்ளவேண்டிய செய்தி இதுவென்றே நாம் கருதுகின்றோம். தந்தை குறிப்புகளை விட்டுச் சென்றார்; மகளுக்கு அவற்றை வாசிக்கும் தமிழ் இருந்தது. இவ்விரண்டும் இருந்தமையாலேயே கதை தொடர்ந்தது. இரண்டில் ஒன்று இல்லாதிருப்பினும் அது பாதியிலே நின்றுபோயிருக்கும்.

எமது இல்லங்களில்

சென் ஜேம்ஸ் ரவுணின் உயர்ந்த மாடிக் கட்டடங்களில் எத்தனையோ மொழி பேசும் மக்கள் அருகருகே வாழ்கின்றனர். எமது வகுப்புகளுக்கு வரும் பிள்ளைகளுட் பலர் இந்நாட்டிலே பிறந்தவர்கள். பெற்றோரைப் போரிலே இழந்து, சித்தி வீட்டிலும் மாமன் வீட்டிலும் வளர்ந்தோரும் எம்மிடையே உளர். 2009 இல் போர் முடிவுற்றது. ஆயினும் பல வீடுகளில் அதனைப் பற்றிய பேச்சு இன்னும் தொடங்கவேயில்லை. பிறப்புச் சான்றிதழும் குடும்பப் படமும் வழியிலே தொலைந்துபோன குடும்பங்கள் பல. எஞ்சியிருப்பது மூத்தோரின் நினைவு மாத்திரமே.

ஒருமுறை வகுப்பிலே, பாட்டன் பாட்டியரின் பெயரையும் அவர்கள் வாழ்ந்த ஊரின் பெயரையும் எழுதி வருமாறு பிள்ளைகளுக்குச் சொன்னோம். ஒரு பிள்ளையின் தாள் வெறுமையாகவே திரும்பி வந்தது. தாயார் எழுதவில்லை; ஏன் என்று நாமும் கேட்கவில்லை. மூன்று சனிக்கிழமைகள் கழிந்தன. நான்காவது சனிக்கிழமை அத்தாள் இருபுறமும் நிறைந்து வந்தது. ஊரின் பெயர், குறிச்சியின் பெயர், கிணற்றடியில் நின்ற மரம், இறந்துபோன ஒரு தம்பியின் பெயர், அவன் விரும்பி உண்ட பலகாரம் என்பன அதிலே இருந்தன. பிள்ளை எழுந்து நின்று அதனை வாசித்தான். ஊர்ப் பெயரைச் சொல்லும்போது நாக்குத் தடுமாறியது. இரண்டாம் முறை திருத்திச் சொன்னான். அன்றுதான் தன் தாய்க்கு ஒரு தம்பி இருந்தான் என்பதை அவன் அறிந்துகொண்டான்.

சேந்தன் அமுதனை வளர்த்த தாயால் பேச இயலாது. அதனால் அவன் உண்மையை அறிவதற்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது. எமது தாய்மாருக்கும் தந்தைமாருக்கும் பேச்சு உண்டு. துன்பமே வாயை அடைத்திருக்கின்றது. அத்துயரத்தை நாம் அறிவோம். நாமும் அவ்வழியே வந்தவர்கள். எல்லாவற்றையும் ஒரே நாளிற் சொல்லவேண்டுமென்பதில்லை. பிள்ளையின் வயதுக்கு ஏற்ப, ஒரு பெயரிலே தொடங்கலாம். ஓர் ஊரிலே தொடங்கலாம். கல்கி சந்ததிகளுக்குச் சோழநாட்டைத் தந்தார். எமது ஊரின் ஒழுங்கையையும் வளவையும் கல்வெட்டிலே எவரும் பொறிக்கவில்லை. அவற்றைச் சொல்வதற்குப் பெற்றோராகிய நாமே இருக்கின்றோம்.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். பெற்றோர் சொல்லும்போது கேளுங்கள். கேட்டதைத் தமிழிலே எழுதிவையுங்கள். எமது பகுதியின் பொது நூலகம் ஷேர்போர்ன் வீதியிலேயே உள்ளது. ரொறன்ரோ பொது நூலகத்தில் தமிழ் நூல்களும் உண்டு; அருகில் இல்லையெனில் பிற கிளையிலிருந்து வரவழைத்துத் தருவார்கள். பொன்னியின் செல்வனின் முதற் பாகமான புது வெள்ளத்தை, அம்மாவுடனோ அப்பாவுடனோ இருந்து, இரவுக்கு ஓர் அத்தியாயமாக உரத்து வாசியுங்கள். விளங்காத சொல் வந்தால் கேளுங்கள். அந்தச் சொல்லுக்குப் பொருள் சொல்லும்போது, உங்கள் பெற்றோர் தம் ஊர்க்கதை ஒன்றையும் சேர்த்துச் சொல்லக்கூடும். அப்போது நூலை மூடிவைத்துவிட்டு அதனைக் கேளுங்கள். கல்கி அவர்கள் அதற்காக உங்களைக் கோபித்துக்கொள்ள மாட்டார்.